சத்துமாவுத் தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆரோக்கியம் சார்ந்த சிறுதொழில் என்றதும் தமிழ்நாட்டில் பலர் முதலில் கையில் எடுப்பது சத்துமாவு. வீட்டுச் சமையலறையில் மாதம் 50 கிலோவில் தொடங்கி, ஒரு சின்னக் கொட்டகையில் 300, 400 கிலோ வரை போகிறவர்களுக்காக இந்தப் பக்கம். சட்டம் பற்றிய பதில்கள் இந்திய விதிகளை ஒட்டியவை.

இத்தனை பேர் விற்கிறார்களே, இதில் இன்னும் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. ஒருமுறை வாங்கியவர் அடுத்த மாதமும் வாங்குகிற மாவுக்குத்தான் அந்த இடம். முதல் பாக்கெட்டை அக்கம்பக்கத்தாரும் உறவினரும் முகத்துக்காக வாங்கிவிடுவார்கள். இரண்டாவது பாக்கெட்டைத் தீர்மானிப்பது இரண்டு விஷயங்கள்: மாவில் எவ்வளவு ஈரம் இருந்தது, லேபிளில் எவ்வளவு பொய் இருந்தது. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றியதே.

ஆரம்பத்துக்கு என்ன கலவை? அளவோடு சொல்லுங்கள்.

10 கிலோ பேட்சாகவே தொடங்குங்கள். அதற்கு மேல் போனால் மாடியில் காயவைக்க இடம் போதாது. குறைவாகப் போனால் மில்லில் ஒட்டிக்கொள்ளும் மாவே பெரிய நஷ்டம்.

ராகி 4 கிலோ, கம்பு 1, வெள்ளைச் சோளம் 1, சம்பா கோதுமை 1, பாசிப்பயறு 1, பொட்டுக்கடலை 1, சிவப்பரிசி அரை கிலோ, கொள்ளு கால் கிலோ, நிலக்கடலை கால் கிலோ. இதோடு ஏலக்காய் 40 கிராம், சுக்கு 25 கிராம்.

கல், தூசி, முளைவேர், வறுக்கும்போது போகும் ஈரம், சலித்தபின் நிற்கும் கப்பி எல்லாம் கழிந்து 10 கிலோவுக்கு 8.7 முதல் 9 கிலோ வரை மாவு கிடைக்கும். 8.5க்குக் கீழே வந்தால் சரக்கு சுத்தமில்லை, அல்லது மில்காரர் அரவைக் கல்லில் தங்கியதைத் தட்டித் தரவில்லை. நேர்மாறாக 9.5 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். மாவில் தண்ணீர் இருக்கிறது.

32 வகை தானியம், பாதாம், பிஸ்தா எல்லாம் சேர்த்தால்தானே விலை கிடைக்கும்?

கணக்கு போட்டுப் பாருங்கள். 10 கிலோவில் 50 கிராம் பாதாம் என்றால் அரை சதவீதம். ஒரு வேளைக் கஞ்சிக்கு 20 கிராம் மாவு; அதில் பாதாம் 0.1 கிராம். ஒரு பாதாம் பருப்பு சுமார் 1 கிராம் எடை. ஆக, வாடிக்கையாளர் ஒரு வேளைக்குச் சாப்பிடுவது பாதாமில் பத்தில் ஒரு பங்கு. பாக்கெட்டில் பாதாம் படத்தைப் பெரிதாகப் போட்டால், லேபிள் விதிப்படி அது எத்தனை சதவீதம் என்றும் அச்சிட வேண்டும். 0.5 சதவீதம் என்று போட எத்தனை பேருக்கு மனம் வரும்?

சேர்க்கிற ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கொள்முதல், தனி வறுப்பு, தனியாகக் கெட்டுப்போகும் வேகம் உண்டு. பாதாம், முந்திரி, எள் போன்றவற்றில் எண்ணெய் அதிகம். மாவாக்கியதும் அந்த எண்ணெய் காற்றில் படும்; பாக்கெட் முழுவதையும் அதுதான் முதலில் காறல் வாடைக்குக் கொண்டுபோகும். ஒன்பது பொருளை ஒழுங்காகச் செய்கிறவர், முப்பத்திரண்டை அள்ளிப்போடுகிறவரைவிட நிம்மதியாகத் தூங்குவார்.

சரக்கு எங்கே, எப்போது வாங்குவது?

தமிழ்நாட்டில் ராகிக்குக் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும். மானாவாரி அறுவடை முடிந்து மார்கழி, தையில் புது ராகி வரத்து இருக்கும்போது மூன்று மாதத் தேவைக்கு எடுத்துவைக்கலாம். அதற்கு மேல் இருப்பு வைக்க நல்ல கிடங்கு வேண்டும். முளைகட்டப் போகும் ராகி போன வருடத்துச் சரக்காக இருக்கக் கூடாது. வாங்குவதற்கு முன் 100 மணியை எண்ணி ஈரத்துணியில் வைத்துப் பாருங்கள். 85க்குக் கீழே முளைத்தால் அந்த மூட்டை வேண்டாம். முளைக்காத மணி ஊறி அழுகித் துணி முழுவதையும் புளிக்க வைக்கும்.

நிலக்கடலையில் சுருங்கியது, கறுத்தது, பூசணம் பட்டது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எறியுங்கள். அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இப்படிப்பட்ட பருப்பில்தான் சேர்ந்திருக்கும். வறுத்தாலும் அது முழுதாகப் போகாது.

முளைகட்டுவதில் என்ன தவறு நடக்கிறது?

ராகியை மூன்று நான்கு தண்ணீரில் அரித்துக் கழுவி 8 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். பிறகு நன்றாக வடித்து, ஈர வெள்ளைத் துணியில் தளர்வாகக் கட்டி நிழலில் தொங்கவிடுங்கள். வெயில் காலத்தில் 24 மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் 36 ஆகும். முளை அரை சென்டிமீட்டர் வந்ததும் நிறுத்துங்கள். நீளமாக விட்டால் கசப்பு ஏறும், எடையும் போகும்.

தவறு பெரும்பாலும் மூட்டையின் அளவில்தான். 4 கிலோவையும் ஒரே துணியில் இறுக்கிக் கட்டினால் நடுவில் சூடேறும். கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், மறுநாள் புளித்த வாடை வரும். ஒரு துணிக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துப் புரட்டிவிடுங்கள்.

முளைகட்டுவதால் என்ன லாபம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், வாடிக்கையாளர் கேட்பார். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் என்ற நொதி உருவாகி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கும். அதனால் கஞ்சி களியாக இறுகாமல் நெகிழ்வாக இருக்கும். அதே அளவு தண்ணீரில் கூடுதல் மாவு கரைக்கலாம். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உடலில் சேராமல் தடுக்கும் ஃபைடேட் குறையும். இவ்வளவுதான். இதற்கு மேல் அளக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் முளைகட்ட வேண்டியதில்லை. ராகி, பாசிப்பயறு, கொள்ளு போதும். கம்பை முளைகட்டிக் காயவைப்பதற்குள் பலருக்கும் வாடை வந்துவிடுகிறது, பழகியபின் முயன்றுபாருங்கள்.

காய்ந்துவிட்டது என்று எப்படி உறுதி செய்வது?

இந்தத் தொழிலில் காசு போவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதல் சோதனை தராசில். 1 கிலோவாக ஊறப்போட்ட ராகி, காய்ந்தபின் 1 கிலோவுக்கு மேல் எடை காட்டினால் அதில் இன்னும் ஈரம் நிற்கிறது. முளைவேரைத் தேய்த்து முறத்தில் புடைத்தபின் 900 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும்.

இரண்டாவது சோதனை பல்லில். மணியைக் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும். பல்லில் அமுங்கினால் மறுபடி வெயிலுக்கு.

மூன்றாவது, அரைத்த மாவுக்கு. 50 கிராம் மாவை ஓர் அகன்ற எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, கேக் செய்யும் ஓவனில் 130 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் மூடி வைத்து ஆறவிட்டு எடை போடுங்கள். திறந்து ஆறவிட்டால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டு பொய் சொல்லும். 45.5 கிராம் இருந்தால் போனது 4.5 கிராம், அதாவது ஈரம் 9 சதவீதம். 10க்குக் கீழே இருப்பது நல்லது. 12ஐத் தாண்டினால் பாக்கெட் போடாதீர்கள். இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு வேண்டும். ஆய்வகத் துல்லியம் இராது, ஆனாலும் ஒரு பேட்ச் தப்பியதா இல்லையா என்று சொல்லிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் மாடியை நம்பாதீர்கள். ஈரத் தானியம் ஓர் இரவு காயாமல் கிடந்தாலே புளிக்கும். அந்த இரண்டு மாதத்துக்கான முளைகட்டிய ராகியைப் புரட்டாசிக்குள்ளேயே காயவைத்து, காற்றுப் புகாத டிரம்மில் அடைத்து வைப்பது ஒரு வழி. மின்சார டிரே டிரையரில் 50 முதல் 55 டிகிரியில் காயவைப்பது இன்னொன்று. சீக்கிரம் காயட்டும் என்று சூட்டை 80க்கு ஏற்றினால் மேல்தோல் இறுகி உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும்.

வறுப்பது வாசனைக்காக மட்டுமா?

வாசனை அதில் கடைசி வேலை. முளைகட்டிய தானியத்தில், அந்த ஈரத்திலும் வெதுவெதுப்பிலும், கிருமியும் பெருகியிருக்கும். தானியத்தோடு வந்த வண்டு, அந்துப்பூச்சியின் முட்டையும் உள்ளே இருக்கும். இரண்டையும் ஒழிப்பது இந்தச் சூடுதான். கம்பில் இன்னொரு சங்கதி உண்டு: லைபேஸ் என்ற நொதி, அரைத்த சில நாள்களிலேயே கம்பின் கொழுப்பை உடைத்துக் கசக்க வைத்துவிடும். நன்றாகச் சூடேறினால் அந்த நொதி செயலிழக்கும். "மூன்று வாரத்தில் மாவு கசக்குது" என்று புகார் வந்தால் முதலில் கம்பு வறுத்தவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். அடி கனத்த இரும்புச் சட்டியில் ஒரு கிலோவுக்கு மேல் போடாமல், நடுத்தீயில் 10, 12 நிமிடம் கைவிடாமல் கிளற வேண்டும். ராகி படபடவென்று வெடிக்கும். கோதுமை பொரிந்து நிறம் மாறும். பாசிப்பயறு வாசம் அடுத்த அறைக்குப் போகும். நிலக்கடலைத் தோல் கைபட்டால் கழன்று வரும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான். சட்டிச் சூட்டில் இரண்டு நிமிடம் புரட்டினால் போதும். சோயா சேர்க்கிறவர்கள் அதை அரைகுறையாக விடவே கூடாது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. வயிற்று உப்புசப் புகார் அங்கிருந்துதான் வரும்.

இவ்வளவு வறுத்தபிறகும் "வெந்நீரில் கலக்கிக் குடிக்கலாம்" என்று எழுதாதீர்கள். வறுத்தபின் மில், சல்லடை, கை என்று பல இடம் பட்டுத்தான் மாவு பாக்கெட்டுக்குள் போகிறது. "20 கிராம் மாவை 200 மில்லி ஆறிய நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே 5 முதல் 7 நிமிடம் கொதிக்கவிடவும்" என்று அச்சிடுங்கள்.

பொது மில்லில் அரைக்கலாமா?

ஆரம்பத்தில் வேறு வழியில்லை. மிளகாய், மல்லி அரைக்காத கல்லாகப் பாருங்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள். கல்லைச் சுத்தம் செய்ய உங்கள் செலவில் ஒரு கிலோ அரிசியை ஓட்டச் சொல்லி, அந்த மாவைத் தனியே எடுத்துவிடுங்கள். நிலக்கடலையை மற்ற தானியத்தோடு கலந்துதான் கொட்ட வேண்டும். தனியாகப் போட்டால் எண்ணெய் விட்டுக் கல்லில் அப்பிக்கொள்ளும்.

மில்லிலிருந்து மாவு சூடாக வரும். அப்படியே டிரம்மில் மூடினால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருப்பதைப் பார்க்கலாம். அந்த வியர்வைதான் பத்தாவது நாள் பாக்கெட்டில் கட்டியாகவும் இருபதாவது நாள் பூசணமாகவும் வரும். வீட்டுக்குக் கொண்டுவந்து எவர்சில்வர் தட்டுகளில் பரப்பி, மெல்லிய துணி மூடி, மூன்று நான்கு மணி நேரம் ஆறவிட்டுச் சலியுங்கள். மழை நாளில் திறந்து பரப்பக் கூடாது. மூடிய அறையில், மின்விசிறி இல்லாமல் ஆறட்டும்.

சொந்தமாகப் புல்வரைசர் எனும் மாவரைக்கும் இயந்திரம் வாங்குவது மாதம் 200 கிலோ தாண்டியபின். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் மின்வாரிய அலுவலகம் போய் உங்கள் இணைப்பு தாங்குமா, மும்முனை வேண்டுமா என்று கேளுங்கள். வீட்டு இணைப்பில் தொழில் ஓட்டி மாட்டினால் அபராதம் உண்டு. சிறுதொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது.

பாக்கெட்டுக்கு எது நல்லது?

பழுப்புக் காகித பவுச் பார்க்க அழகு. உள்ளே பிளாஸ்டிக் அல்லது அலுமினியப் படலம் ஒட்டாத காகிதம் ஈரத்தைத் தடுக்காது. நடுவில் கண்ணாடி ஜன்னல் வைத்தால் வெளிச்சம் பட்டுக் காறல் சீக்கிரம் வரும். உள்படலம் உள்ள, ஜிப் வைத்த நிற்கும் பவுச் போதும்.

பேக்கிங்கில் பாக்கெட்டைவிட சீலே முக்கியம். கை சீலர் 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கோடு போடும்; அந்தக் கோட்டில் மாவுத் தூசி பட்டிருந்தால் ஒட்டினது போலத் தெரியும், ஆனால் ஒட்டியிருக்காது. பேண்ட் சீலர் 8, 10 மில்லிமீட்டர் போடும். எதுவானாலும் சீல் போடுமுன் வாய்ப்பகுதியை உள்ளே காய்ந்த துணியால் துடையுங்கள். ஐம்பதுக்கு ஒரு பாக்கெட்டை வாளித் தண்ணீரில் முக்கி அழுத்துங்கள். குமிழி வந்தால் அந்த ஐம்பதையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

எத்தனை மாதம் தாங்கும் என்று போடலாம்?

பக்கத்துக் கடை பாக்கெட்டைப் பார்த்து ஆறு மாதம் என்று போடாதீர்கள். ஒவ்வொரு பேட்சிலும் ஆறு பாக்கெட்டை எடுத்து, கடையில் இருக்கும் அதே சூட்டில் ஓர் அலமாரியில் வையுங்கள். மாதம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து, கஞ்சி காய்ச்சிக் குடித்து, கட்டி, வண்டு, கசப்பு மூன்றையும் எழுதுங்கள். நாலாம் மாதம் நன்றாக இருந்து ஐந்தில் லேசாக வாடை வந்தால், லேபிளில் மூன்று மாதம். கடலை சேர்த்த மாவுக்குத் தொடக்கத்தில் மூன்றே போதும்.

என்னென்ன பதிவு வேண்டும்?

முதலில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு. வீட்டில் செய்தாலும், வாட்ஸ்அப்பில் மட்டும் விற்றாலும் வேண்டும். ஃபாஸ்காஸ் என்ற இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாளச் சான்று, இடத்துக்கான சான்று போதும். சிறு தொழிலுக்கு இது வெறும் பதிவு. விற்றுமுதல் கூடினால் மாநில உரிமம். அந்த எல்லைத் தொகையை அரசு அவ்வப்போது மாற்றுவதால் விண்ணப்பிக்கும் நாளில் தளத்திலேயே பாருங்கள். கிடைக்கும் 14 இலக்க எண் ஒவ்வொரு பாக்கெட்டிலும் வர வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையும் மாவைத் தொடுகிறவர்களின் மருத்துவச் சான்றும் கேட்பார்.

சிறு, குறு நிறுவனங்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுடையதல்ல.

பலர் விட்டுவிடுவது எடையளவுச் சட்டம். பாக்கெட் போட்டு விற்கிறவர், 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. எடை போடும் மின்னணுத் தராசுக்கும் ஆண்டுக்கொருமுறை முத்திரை வேண்டும்.

பெயரைக் காக்க நினைத்தால் வணிக முத்திரையில் 30ஆம் வகுப்பு. "சத்துமாவு" என்ற சொல்லுக்கு யாரும் உரிமை கோர முடியாது; உங்கள் பெயருக்குத்தான் முடியும்.

லேபிளைத் தமிழில் மட்டும் அடிக்கலாமா?

முடியாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது உணவு லேபிள் விதி. தமிழைக் கூடுதலாகத் தாராளமாகப் போடலாம், போட வேண்டும். கஞ்சி காய்ச்சப் போகிற அம்மாவுக்கு அதுதான் உதவும்.

பொருளின் பெயர், எடையில் இறங்குவரிசையில் சேர்மானங்கள், 100 கிராமுக்கான ஊட்டச்சத்து அட்டவணை, பச்சை சைவக் குறி, உரிம எண், பேட்ச் எண், தயாரித்த நாள், பயன்படுத்தும் காலம், நிகர எடை, தயாரிப்பாளர் முகவரி, புகாருக்கான தொலைபேசி, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி. அதோடு ஒரு கிராம் என்ன விலை என்பதும்: 500 கிராம் 180 ரூபாய் என்றால் கிராமுக்கு 36 காசு. கோதுமை, நிலக்கடலை, சோயா, முந்திரி, பாதாம் எது இருந்தாலும் ஒவ்வாமை எச்சரிக்கை தனியாக வர வேண்டும். ஒரே மில்லில் வேறு ஆள் எள்ளோ கடலையோ அரைத்திருக்கக்கூடும் என்பதையும் மறக்காதீர்கள். கடலை ஒவ்வாதவருக்கு அந்தத் துளியே போதும்.

"புரதம் நிறைந்தது", "சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று போடலாமா?

புரதம் என்பது கணக்கு. மேலே சொன்ன கலவையையே எடுங்கள். ராகியில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 7 கிராம்தான். அதன் பெருமை சுண்ணாம்புச்சத்து, சுமார் 350 மில்லிகிராம். கம்பு, சோளம், கோதுமை 10, 11, பயறும் பொட்டுக்கடலையும் 21, 22, நிலக்கடலை 24. எல்லாம் கூட்டிப் பார்த்தால் 100 கிராம் மாவில் 12 கிராம் அளவுக்கு வரும். விதிப்படி "புரதம் நிறைந்தது" என்று சொல்ல, ஒரு நாள் தேவையில் 20 சதவீதம் 100 கிராமில் இருக்க வேண்டும். ஒரு நாள் தேவையை 54 கிராம் என்று வைத்தால் அது 10.8 கிராம். ஆக, காகிதத்தில் இந்தக் கலவை லேசாகத் தாண்டுகிறது. பயறைக் குறைத்து அரிசியைக் கூட்டினால் விழுந்துவிடும். எனவே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்தபின் அச்சிடுங்கள்.

சர்க்கரை நோய் என்ற சொல்லே வேண்டாம். நோயைக் குணமாக்கும் என்ற விளம்பரம் 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரணச் சட்டத்துக்குள் போய்விடும். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், அது உண்மையும் இல்லை. நைசாக அரைத்த மாவுக் கஞ்சி மாவுச்சத்துதான். இரத்தச் சர்க்கரையை வேகமாகவே ஏற்றும்.

நாட்டுச் சர்க்கரையோ வெல்லமோ கலந்துவிட்டு "சர்க்கரை சேர்க்காதது" என்பதும் செல்லாது. "ஆர்கானிக்" என்பதற்குச் சான்று வேண்டும், தெரிந்த விவசாயி போதாது. "ஹெல்த் டிரிங்க்" என்பதற்கு உணவுச் சட்டத்தில் வரையறையே இல்லை என்று சொல்லி, அந்தத் தலைப்பின் கீழ் பானங்களை வைக்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்கு ஆணையம் அறிவுறுத்தியது.

ஆறு மாதக் குழந்தைக்கு என்று விற்கலாமா? அதற்குத்தானே அதிகம் கேட்கிறார்கள்?

விற்காதீர்கள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை தாய்ப்பாலோடு கொடுக்கும் உணவு என்று சந்தைப்படுத்தினால் அது 1992ஆம் ஆண்டின் குழந்தை உணவுச் சட்டத்தில் வந்துவிடும். அதில் விளம்பரமே செய்யக் கூடாது, பாக்கெட்டில் குழந்தை படம் கூடாது. மீறினால் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. இன்ஸ்டாகிராமில் தவழும் குழந்தையை வைத்து ரீல் போடுகிற எத்தனையோ பேருக்கு இது தெரியாது. வாடிக்கையாளர் கேட்டால் குழந்தை மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விற்பதிலேயே தொழில் நடக்கும்.

அஸ்வகந்தா, ஆவாரம்பூ சேர்க்கலாமா?

சுக்கு, ஏலம், மிளகு வரை சமையல். அதற்கு மேல் மூலிகை சேர்த்தால் வேறு விதித்தொகுப்பு, வேறு உரிமம். முதல் வருடம் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

ஜி.எஸ்.டி. எப்போது?

மாநிலத்துக்குள் பொருள் மட்டும் விற்றால் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்போது. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் இந்த வரம்பு பொருந்தாது, பதிவு எடுத்துவிடுங்கள். வரி எவ்வளவு என்பது கலவையைப் பொறுத்தது. குறைந்தது 70 சதவீதம் சிறுதானியம் கொண்ட மாவுக்கு, பாக்கெட் போட்டு விற்றால் 5 சதவீதம் என்று 2023 அக்டோபரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் தனியாகச் சொன்னது. மேலே உள்ள கலவையில் ராகி, கம்பு, சோளம் சேர்ந்து 60தான். 2025 செப்டம்பரில் வரி அடுக்குகளே மாறின. எனவே உங்கள் சேர்மானப் பட்டியலைச் சதவீதத்தோடு ஆடிட்டரிடம் கொடுத்து, வரி எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கும் வகை எண்ணை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

விலை எப்படி வைப்பது?

உதாரணக் கணக்கு, உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். தானியம் சராசரி கிலோ 85 ரூபாய் என்றால், 12 சதவீதக் கழிவு போக மாவுக்கு 97 ஆகிவிடும். இந்த 12 ரூபாயை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் "விற்குது, ஆனா காசு நிக்கல" என்பார்கள். காயவைக்க, வறுக்க 12, அரவை 8, கூலி 35, அரைக் கிலோ பவுச் இரண்டும் லேபிளும் 24, வாடகை, சோதனை, போக்குவரத்து, கெட்டுப்போனது எல்லாம் சேர்த்து 24. மொத்தம் 200.

அரைக் கிலோ 180 என்று வைத்தால் கிலோவுக்கு 360. கடைக்காரருக்கு 25 சதவீதம் போனால் கைக்கு 270, மிச்சம் 70. ஜி.எஸ்.டி. பதிவுக்குள் வந்தால் அதிலிருந்தும் போகும். இந்தக் கூலி 35ஐ உங்களுக்கே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெண்களின் உழைப்பைச் சும்மா என்று வைத்து விலை போட்டால், ஆள் வைக்க வேண்டிய நாளில் விலை ஏற்ற முடியாமல் தொழில் நின்றுபோகும்.

கடைகளில் போடுவதா, நேரடியாக விற்பதா?

முதல் ஆறு மாதம் நேரடி விற்பனை. கடையில் போட்டால் "வித்தா காசு, இல்லேன்னா எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார்கள்; காசும் ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்துத்தான் வரும். பத்துக் கடைக்கு இருபது பாக்கெட் வீதம் போட்டால், மேலே உள்ள கணக்கில் உங்கள் செலவுப் பணம் 20,000 ரூபாய் அலமாரியில் நிற்கிறது. திரும்பி வந்த பாக்கெட்டைப் பிரித்துப் புது மாவில் கலப்பது பெரிய தப்பு: நல்ல பேட்சுக்குள் வண்டு முட்டையை நீங்களே தூவுகிறீர்கள்.

மானியம், பயிற்சி?

பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம் 2020இல் வந்தது. கடனோடு இணைந்த 35 சதவீத மானியம், அதிகபட்சம் 10 லட்சம்; உங்கள் பங்கு குறைந்தது 10 சதவீதம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. இரண்டுக்கும் தற்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். மானியத்தை நம்பி இயந்திரம் வாங்காதீர்கள். இயந்திரம் தேவைப்படும் அளவு விற்பனை வந்தபின் மானியம் கேளுங்கள். பயிற்சிக்குத் தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், கோவை வேளாண் பல்கலைக்கழகம், உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையம்.

வண்டு இருந்தது என்று ஒருவர் படம் அனுப்புகிறார். என்ன செய்வது?

வாக்குவாதம் வேண்டாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பாக்கெட்டைத் திருப்பி வாங்குங்கள். பேட்ச் எண்ணைப் பார்த்து அலமாரியில் உள்ள அதே பேட்ச் பாக்கெட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டிப் பாருங்கள். அதிலும் வண்டு இருந்தால் கோளாறு உங்களிடம்: வறுப்பு போதவில்லை, அல்லது சல்லடையிலோ டிரம்மிலோ பழைய மாவு தங்கியிருந்தது. அந்தப் பேட்சில் யார் யாருக்குப் போனதோ அத்தனை பேரையும் கூப்பிட்டுத் திரும்ப எடுங்கள்.

அலமாரிப் பாக்கெட் சுத்தமாக இருந்தால், வந்த பாக்கெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து சீலையும் மூலைகளையும் பாருங்கள். ஊசிமுனை ஓட்டை ஓரம் கடித்தது போல இருந்தால் கடையில் பக்கத்து மூட்டையிலிருந்து வந்தது. சீல் கோட்டில் மாவுத் தூசி சிக்கியிருந்தால் அது உங்கள் மேசையில் நடந்தது. எதுவானாலும் பேட்ச் நோட்டில் தேதியோடு எழுதி, அன்றைக்கு சீல் போட்டவரிடம் அந்தப் பாக்கெட்டையே காட்டுங்கள்.